ஒரு சொட்டுத் தண்ணீரும் பயன்படுத்தாமல்

நவம்பர் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை டெல்மர் யாரெம்கோ வீட்டுக்கு இரண்டு விஷயங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, தபாலில் வந்த நன்றிக் கடிதம். இன்னொன்று, சமையலறைக் குழாயில் வந்த ஜெல்லி.

கடிதம் கால்கரி நகரத்து நிலத்தடி வள ஒழுங்கு வாரியத்திலிருந்து வந்திருந்தது. "தங்கள் நிலத்தை அடுத்துள்ள எரிவாயுப் பாறைக்கு, ஒரு சொட்டுத் தண்ணீரும் பயன்படுத்தாமல், வெற்றிகரமாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். தண்ணீரைக் காக்கும் பணியில் எங்களோடு கைகோத்த தங்களுக்கு நன்றி." டெல்மர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவை யாரோடும் கைகோத்ததாக அவருக்கு நினைவில்லை. அன்று காலையில் அவை பசுக்களுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தன.

"டெல், கொஞ்சம் இங்க வா," என்று மனைவி ஃபெர்ன் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். "குழாய் நாக்கை நீட்டுது."

உண்மையாகவே நீட்டியது. தேன் நிறத்தில், விரல் தடிமனில், குழாயின் வாயிலிருந்து ஒரு நாக்கு தொங்கியது. சொட்டவில்லை, ஒழுகவில்லை. ஃபெர்ன் குழாயை மூடினால் உள்ளே இழுத்துக்கொண்டது, திறந்தால் மறுபடி எட்டிப் பார்த்தது. வீடு முழுக்க டீசல் நாற்றம்.

பாறைக்கு என்ன நோய் என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் அந்த ஊரில் அதற்குப் பெயர் சிகிச்சைதான். மற்ற இடங்களில் தண்ணீரையும் மணலையும் கலந்து, பூமிக்குள் அழுத்தி, பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பார்கள். இங்குள்ள பாறையில் களிமண் அதிகம். தண்ணீர் பட்டால் ஊதிப்போய் வாயை மூடிக்கொள்ளும். அதனால் தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய். எண்ணெய் மணலைச் சுமக்காது என்பதால் அதில் மருந்து கலந்து ஜெல்லியாக இறுக்குவார்கள். வேலை முடிந்த பிறகு ஜெல்லி இளகித் திரும்பி வரவேண்டும் அல்லவா? அதற்காக முன்கூட்டியே உடைப்பான் என்ற இன்னொரு பொடியையும் சேர்ப்பார்கள். இரண்டு நாளில் ஜெல்லி உடைந்து, எண்ணெய் தண்ணியாகி, வந்த வழியே கம்பெனியின் தொட்டிக்குப் போய்விடும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. டெல்மரின் கிணறு அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை.

அவருக்கு நாற்பத்தோரு பசுக்கள். எல்லாம் சினை, மார்ச்சில் ஈனும். ஒரு பசுவுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது லிட்டராவது வேண்டும். அந்தக் கிணறு ஒன்றுதான் வீட்டுக்கும் மாட்டுக்கும். அது போனால் மாடு போகும், மாடு போனால் அந்த நிலத்தில் அவருக்கு என்ன வேலை?

வேலியை ஒட்டி, ஆள் தொடை பருமனில் ஒரு நீலக் குழாய் ஏரியிலிருந்து கம்பெனியின் முகாமுக்குப் போய்க்கொண்டிருந்தது. லாரி கழுவவும், பனிப்பாதை போடவும் தண்ணீர். டெல்மர் வாளியோடு போய் நின்றார். அங்கே காவலுக்கு இருந்தவன் நல்லவன், தலையைச் சொறிந்தான்.

"குடுக்கலாம் சார். ஆனா இது கிணறு நடத்துறவங்களுக்கு மட்டும்னு வாரியத்து உத்தரவு. உங்ககிட்ட எண்ணெய்க் கிணறு இருக்கா?"

"தண்ணிக் கிணறு இருக்கு. இருந்துச்சு."

"அது செல்லாது சார்."

அன்றிலிருந்து டெல்மர் முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊருக்குத் தினமும் லாரியில் தொட்டியோடு போய்த் தண்ணீர் பிடித்து வந்தார். மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் அதில் பாதி வழியிலேயே உறைந்தது. கிடாரி ஒன்று தாகம் பொறுக்காமல் பழைய தொட்டியில் வாயை வைத்து, மூன்றாம் நாள் வயிறு ஊதிச் செத்தது. மிச்சம் நாற்பது.

வாரியத்துக்கு எழுதினார். தண்ணீர்ப் புகார்ப் படிவம் வந்தது. மாதிரியை ஜாடியில் அடைத்து அனுப்பினார். மூன்று வாரம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்துவிட்டு, பதில் வந்தது: "தாங்கள் அனுப்பிய மாதிரியைச் சோதித்தோம். அதில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாததால் தண்ணீர் மாசுபட்டிருப்பதாகக் கொள்ள இயலாது. இத்துடன் தங்கள் புகார் நல்லபடியாகத் தீர்க்கப்பட்டது."

ஃபெர்ன் அதை இரண்டு முறை படித்தாள். "நல்லபடியாவாம்," என்றாள். கடிதத்தை அடுப்பில் போடப் போனவளை டெல்மர்தான் தடுத்தார். அவருக்கு அப்போதும் வாரியத்தின்மேல் ஒரு நம்பிக்கை. அரசாங்கம் என்றால் படித்தவர்கள், நேரில் வந்து பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தார்.

ஜனவரியில் நேரில் வந்து பார்த்தார்கள். வந்தவன் பெயர் ட்ரெவர் லூபின், கள ஆய்வாளர், முப்பது வயதுகூட ஆகியிருக்காது. தலைக்கவசம், கண்ணாடி, இரும்பு முனை வைத்த பூட்ஸ், மார்பில் வெளிச்சமடிக்கும் பட்டை. சமையலறை வாசலில் நின்று, உள்ளே வர மறுத்தான்.

"குழாயத் திறக்குறதுக்கு முன்னாடி பாதுகாப்புக் கூட்டம் நடத்தணும் மேடம். விதி."

"யாரோட?"

"இங்க இருக்கறவங்களோட. நீங்க, சார், நான்."

இரண்டு தலைக்கவசங்களை எடுத்துக் கொடுத்தான். முப்பத்தோரு வருடமாக அந்த அடுப்படியில் நின்று சமைத்த ஃபெர்ன், தன் வீட்டுக் குழாயைத் திறக்கத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டாள். ஆபத்து என்றால் எல்லோரும் கூட வேண்டிய இடம் கோழிக் கூண்டு என்று முடிவானது. காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று ட்ரெவர் கேட்டான். சமையலறையில் காற்று அடிப்பதில்லை என்று டெல்மர் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டான். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். இதற்கே நாற்பது நிமிடம் ஆனது.

பிறகு குழாயைத் திறந்தார்கள். நாக்கு எட்டிப் பார்த்தது. ட்ரெவர் குனிந்து பார்த்தான், மோந்து பார்த்தான், முகம் வெளுத்தது. ஒரு நொடி அவன் மனுஷனாகத்தான் இருந்தான். பிறகு படிவத்தைப் புரட்டினான்.

"சார், தண்ணி சேர்த்துச் சிகிச்சை பண்ணினா, குடிதண்ணிக் கிணத்துலேருந்து இருநூறு மீட்டர் தள்ளிப் பண்ணணும்னு விதி இருக்கு. இது தண்ணி இல்லாத சிகிச்சை. அதனால எவ்வளவு தூரம்னு விதி இல்ல. விதி இல்லாததால மீறலும் இல்ல."

"அப்போ என் கிணத்துக்குள்ளயே இறக்கியிருந்தாலும்?"

"அது இன்னும் சுலபம் சார், அளக்கவே வேண்டாம்." சொன்ன பிறகு அவனுக்கே கூச்சமாகப் போயிற்று. "குளிக்கும்போது ஜன்னலத் திறந்து வச்சுக்கங்க. அடுப்பு எரியும்போது குழாயத் திறக்காதீங்க," என்று ஆலோசனை சொல்லிவிட்டுப் போனான். வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

அன்று மாலை ஃபெர்ன் பாத்திரம் எதையோ ஓங்கித் தரையில் போட்டாள். "டெல், நீ இன்னும் எத்தனை நாளைக்கு 'நன்றி சார்'னு சொல்லிட்டு நிக்கப்போற? அவன் நம்மளக் கோழிக் கூண்டுல போய்க் கூடணும்னு சொல்றான், நீ தலையாட்டுற!" டெல்மர் குனிந்து பாத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருக்கும் கோபம் இருந்தது. அதை எப்படி வெளியே எடுப்பதென்று தெரியவில்லை.

பக்கத்து நிலத்துக்காரன் வேய்ன் பதினேழு வருடம் ஜெல்லிக் கலவை வண்டியில் வேலை பார்த்தவன். கம்பெனியிடம் எதையும் வெளியே சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். மறுநாள் காபி குடிக்க வந்தவன், குழாயிலிருந்து ஜெல்லி பிடித்து மேஜைமேல் வைத்திருந்த இன்னொரு ஜாடியைப் பார்த்தான். அவன் கை தானாக அதை எடுத்தது. காலி டம்ளர் ஒன்றின்மேல் ஜாடியை மெதுவாகச் சாய்த்தான். ஜெல்லி விளிம்பைத் தாண்டி நாக்காகத் தொங்கியது. அறுந்து விழும் என்று டெல்மர் நினைத்தபோது, ஜாடியை வெடுக்கென்று நிமிர்த்தினான். நாக்கு முழுசாக ஜாடிக்குள் திரும்பிப் போயிற்று.

"என்னடா பண்ற?"

"நாக்குச் சோதனை. கலவை சரியா இருக்கான்னு இப்படித்தான் பாப்போம். மெஷின் ஆயிரம் சொல்லட்டும், ஜெல்லுக்காரன் சாய்ச்சுப் பாத்தாத்தான் நம்புவான்." வேய்ன் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, வைத்த கையையே முறைத்தான். "பழக்கம்டா. என் கையால ஜாடியத் தொட்டுட்டுச் சாய்க்காம இருக்க முடியாது. வீட்டுல தேன், கஞ்சி, தயிர் எதையும் விடுறதில்ல. என் பொண்டாட்டி திட்டுவா."

"சரி, இது என்ன?"

"இது எதுவும் இல்ல, நான் எதையும் பாக்கல," என்றான் வேய்ன். "ஆனா நான் பாத்திருந்தேன்னா, இதுல உடைப்பான் போடல, போட மறந்துட்டாங்கன்னு சொல்லியிருப்பேன். காபி நல்லா இருந்துச்சு ஃபெர்ன்." தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் மாதம் முதல் வாரத்தில் வாரியம் பொது விசாரணை நடத்த ஊருக்கே வந்தது. ஊரில் பெரிய கூடம், பனிக்கட்டித் தரையில் கல்லைச் சறுக்கி விளையாடும் கர்லிங் அரங்கு ஒன்றுதான். பனித்தரையின்மேல் பலகை போட்டு நாற்காலி போட்டார்கள். விசாரணைக்கு முன்னால் மாதர் சங்கத்தின் மதிய விருந்து. உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை, முட்டைக்கோஸ் சுருள், தொட்டுக்கொள்ளப் புளித்த பாலேடு. குறை சொல்ல வந்தவர்களும் குறை கேட்க வந்தவர்களும் ஒரே வரிசையில் தட்டு ஏந்தி நின்றார்கள்.

வாரியத் தலைவர் ரண்டால் ஆஷ்டவுன் கனமான ஆள். வெள்ளிக் கொக்கி போட்ட பெல்ட், சிரித்த முகம். டெல்மர் அவருக்கு எதிரே தட்டோடு உட்கார்ந்து, நாற்பது பசுக்களைப் பற்றி எப்படித் தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். தலைவர் பாலேட்டுக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். பேச்சுவாக்கில் அதைத் தட்டின்மேல் சாய்த்தார். பாலேடு விளிம்பில் நாக்காகத் தொங்கியது. வெடுக்கென்று நிமிர்த்தினார். நாக்கு உள்ளே போயிற்று. "கொஞ்சம் இளகல்," என்று முணுமுணுத்தார்.

டெல்மரின் வாயிலிருந்த பெரோகி அப்படியே நின்றுவிட்டது.

விசாரணை தொடங்கியது. முதலில் பாதுகாப்புக் கூட்டம். பிறகு, புகாருக்குள்ளான அதே கம்பெனிக்கு அந்த ஆண்டின் 'நீர்க் காவலர்' கேடயம் வழங்கப்பட்டது. கைதட்டச் சொன்னார்கள். பழக்க தோஷத்தில் டெல்மரும் இரண்டு தட்டு தட்டிவிட்டு, ஃபெர்னின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தலைவர் பேசினார்.

"அன்பர்களே, வாரியம் கம்பெனி பக்கம் சாயுதுன்னு சிலர் பேசுறாங்க. மனசு வலிக்குது. நானே இருபத்திரண்டு வருஷம் கம்பெனியில இருந்தவன். நான் எதுக்குப் புதுசா அந்தப் பக்கம் சாயணும்? தண்ணிய நாங்க மதிக்கிறோம். அவ்வளவு மதிப்புள்ள பொருள் உங்ககிட்ட இருக்கறது உங்களுக்கே பாரமா இருக்கக் கூடாதுன்னுதான் பாக்குறோம். புகாரே வராத மாகாணம்தான் எங்க கனவு. அதுக்காகத்தான் படிவத்த வருஷா வருஷம் நீளமாக்குறோம்."

வாரியத்து நிபுணர் அடுத்து எழுந்து, யாரெம்கோ கிணற்றில் இருப்பது பல்லாயிரம் வருடமாகப் புல் மக்கியதால் இயற்கையாக உண்டான வழுவழுப்பு என்று படம் போட்டு விளக்கினார். முன்வரிசையில் இருந்த வேய்ன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டெல்மர் முறை வந்தது. எழுதி வைத்திருந்த நான்கு பக்கத்தையும் நாற்காலியிலேயே விட்டார். ஜாடியையும் ஒரு காலி டம்ளரையும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார்.

"எனக்குப் பேசத் தெரியாது சார். இதக் கொஞ்சம் கையில வாங்கிப் பாருங்க. மக்கின புல்லுன்னா மக்கின புல்லுன்னு சொல்லிடுங்க. நான் வீட்டுக்குப் போயிடறேன்."

டம்ளரை மேஜைமேல் வைத்தார். ஜாடியைத் தலைவர் கையில் கொடுத்தார்.

ஆஷ்டவுன் வாங்கினார். "புல்லுங்கறது ஒரு அற்புதமான..." என்று தொடங்கினார். வாய் புல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, கை ஜாடியைச் சாய்த்தது. தேன் நிற நாக்கு விளிம்பைத் தாண்டி இறங்கியது. ஒரு சாண் தொங்கியது. அறுந்து விழவில்லை. மேடையில் இருந்த வாரியத்தார் மூச்சு விடவில்லை. ஆஷ்டவுன் வெடுக்கென்று நிமிர்த்தினார். நாக்கு ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உள்ளே போயிற்று. அவர் முகத்தில் இருபத்திரண்டு வருடச் சந்தோஷம் மலர்ந்தது.

"அடேயப்பா, என்ன நாக்குடா இது!" என்றார் ஒலிபெருக்கியில். "நாலு மாசமாகியும் உடையவே இல்லையே! எந்த மடையன் உடைப்பான் போட மறந்தான்?"

பலகைக்குக் கீழே பனி விரிசல் விடும் சத்தம் கேட்டது.

"அதான் சார் நானும் கேக்கறேன்," என்றார் டெல்மர்.

உண்மை அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது, இனி வாரியம் தப்ப முடியாது என்று அந்த மத்தியானம் ஊரே நம்பியது. வேய்ன் டெல்மரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கால்கரியில் வாரியத்தின் தீர்ப்புகளை எழுதும் பதினான்காம் மாடியைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது.

தீர்ப்பு பன்னிரண்டு நாளில் வந்தது. இந்த முறை வாரியம் அசுர வேகம் காட்டியிருந்தது. "மாண்புமிகு தலைவர் நேரடிச் சோதனையில் கண்டறிந்தபடி, கிணற்றில் இருப்பது சிகிச்சைத் திரவமே. அது இன்னும் உடையவில்லை. எனவே சிகிச்சை இன்னும் முடியவில்லை. முடியாத சிகிச்சையின் விளைவுகள்பற்றிப் புகார் ஏற்க விதியில்லை. மேலும், சிகிச்சைத் திரவம் உள்ள எந்தத் துளையும் எண்ணெய்க் கிணறாகவே கருதப்படும். ஆகவே, திரு. டெல்மர் யாரெம்கோ நான்கு மாதங்களாக உரிமம் இல்லாமல் எண்ணெய்க் கிணறு நடத்தி வந்திருப்பது தெரியவருகிறது. பதினைந்து நாளுக்குள் உரிமம் பெற்று, கிணற்றைச் சிமென்ட் போட்டு அடைக்குமாறு உத்தரவிடப்படுகிறது."

டெல்மர் அதைப் படித்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனார். அன்று காலை ஒரு பசு ஈன்றிருந்தது. கன்றை நக்கிக்கொண்டே அவரைத் திரும்பிப் பார்த்தது, பிறகு காலி வாளியைப் பார்த்தது. அந்த நிமிடம்தான் அவருக்கு உள்ளே ஏதோ அறுந்தது. ஐம்பத்தொன்பது வருடமாக யாரையும் கெட்ட வார்த்தை சொல்லாத மனுஷன், நிலத்தடி வள ஒழுங்கு வாரியத்தை அதன் பதினான்கு மாடியோடும் சேர்த்து, பசு காது கொடுத்துக் கேட்க, பத்து நிமிடம் திட்டித் தீர்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரியை எடுத்தார்.

உரிம அலுவலகத்தில் ஹெயின்ரிக்ஸ் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்ப் புகாரென்றால் நான்கு மாதம் இழுக்கிற வாரியத்தில், எண்ணெய்க் கிணறு என்றதும் அவள் எழுந்து நின்று, காபி கொடுத்தாள்.

"கிணறு பேரு?"

"யாரெம்கோ."

"சிகிச்சை வகை?"

"தண்ணி இல்லாதது. எண்ணெய் ஜெல்லு."

"ஒரு நாளைக்குத் தண்ணி எவ்வளவு வேணும்?"

டெல்மர் காபியைக் கீழே வைத்தார். "தண்ணி இல்லாத சிகிச்சைன்னு சொன்னேனே அம்மா."

"தெரியும் சார். ஆனா அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. குறைஞ்சபட்சம் இருநூறு கன மீட்டர் போட்டாகணும். எல்லாக் கம்பெனிக்கும் அப்படித்தான் போடறோம்."

"கிணத்த அடைக்கச் சொல்லியிருக்காங்க. அடைச்ச கிணத்துக்கு எதுக்குத் தண்ணி?"

"அடைச்ச கிணத்துக்கு இருபத்தஞ்சு வருஷம் பராமரிப்பு உண்டு சார். அதுவரைக்கும் ஒதுக்கீடும் உண்டு. உங்க வேலி ஓரமா நீலக் குழாய் போகுதுல்ல? அதுலயே எடுத்துக்கலாம்." அச்சு இயந்திரம் கடகடத்தது. "ஆச்சு. வாழ்த்துக்கள்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே வந்து இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பசு வளர்க்கிறவனாக நான்கு மாதம் அலைந்து ஒரு வாளி கிடைக்கவில்லை. எண்ணெய்க் கிணற்று முதலாளி ஆனதும் ஏரியையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சிரிக்கலாம் என்று நினைத்தார். வாய் வரைக்கும் வந்தது சிரிப்பாக இல்லை. "நன்றி" என்று சொல்லாமல் எழுந்து வந்தார். அது அவர் வாழ்க்கையில் முதல் தடவை.

மறுநாள் நீலக் குழாயில் இணைப்புக் கொடுத்தார்கள். அதே காவல்காரன்தான் திறந்துவிட்டான். புதிதாகப் பிறந்த கன்றுகள் காலடியில் நிற்க, நாற்பது பசுக்களும் தொட்டியைச் சுற்றி நின்று உறிஞ்சிக் குடித்தன. டெல்மர் வேலியில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதே வாரத்தில் ட்ரெவர் லூபின் சிமென்ட் வண்டியோடு வந்தான். கோழிக் கூண்டில் கூடுவதாக ஒப்புக்கொண்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். டெல்மரின் அப்பா பஞ்ச காலத்தில் தோண்டிய கிணறு. அதற்குள் சிமென்ட் இறங்க இறங்க, அடியிலிருந்த ஜெல்லி ஒரு பெரிய நாக்காக மேலே எழும்பி வந்து, எட்டிப் பார்த்துவிட்டு அடங்கியது. மூடிய வாயின்மேல் ட்ரெவர் ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, விதிப்படி ஒரு தகட்டைத் திருகினான்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு வாய்விட்டுப் படி," என்றாள் ஃபெர்ன். அவள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

ட்ரெவர் அவளையும் பார்க்கவில்லை, டெல்மரையும் பார்க்கவில்லை. தகட்டைப் பார்த்துப் படித்தான்.

"யாரெம்கோ ஒன்று. உரிமையாளர், டெல்மர் யாரெம்கோ. சிகிச்சை முடிந்தது. இக்கிணற்றில் தண்ணீர்... ஒரு சொட்டும் பயன்படுத்தப்படவில்லை."

"அறுபது வருஷம் குடிச்சோம்," என்றாள் ஃபெர்ன்.

ட்ரெவர் திருகாணி முறுக்கியைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டிக்கு நடந்தான். பாதி தூரம் போய், திரும்பி வந்தான். ஏதோ மனுஷத்தனமாகச் சொல்லப்போகிறான் என்று டெல்மர் நினைத்தார். அவன் கையை நீட்டினான். ஃபெர்ன் தலைக்கவசத்தை அந்தக் கையில் கொடுத்தாள்.